ஆயாவுக்காக ஒரு ஷாக் அப்சர்பர்... ஜி.பி. ரோடு முதல் புதுப்பேட்டை வரை ஓர் அலைச்சல்!

“இனிமே என்னை இந்த வண்டியில ஏத்தாதீங்கப்பா. இடுப்பு நோவுது.”

போன ஆனி மாதம், ஆஸ்பத்திரியில் செக்கப் முடிந்து திரும்பும்போது ஆயா சொன்னது இது. எங்கள் தெருமுனையில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது. அப்பா மெதுவாகத்தான் ஏற்றினார். இறங்கும்போது முன்பக்கம் ‘டம்’ என்று ஒரு சத்தம். பின்பக்கம் தொட்டில் மாதிரி நாலு ஆட்டம் ஆடி நின்றது. பின் சீட்டில் இருந்த ஆயா, கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

ஆயாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பஸ் படி ஏற முடியாது. செஞ்சி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அதற்கு இரண்டு வருடமாக அவர் போகவில்லை. இந்த வருடம் கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொல்லியிருந்தோம். அதற்கு இருந்த ஒரே வழி, எங்கள் வீட்டு 12 வயது சின்ன கார்தான். அந்தக் காரில்தான் இனி ஏறமாட்டேன் என்கிறார்.

சஸ்பென்ஷன் போய்விட்டது என்று எங்களுக்கும் தெரியும். அண்ணன் ஆன்லைனில் ஆஃபர் பார்த்து நான்கு ஷாக் அப்சர்பர்களை ஆர்டர் போட்டுவிட்டு, பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கட்டிலுக்கு அடியில் இரண்டு மாதமாகத் தூங்கிய அந்த அட்டைப்பெட்டியை மாட்ட ஆள் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. கார் ஓட்டவே அரைகுறையாகத் தெரிந்த என் தலையில்!

“வெளியில வாங்கினதை மாட்ட மாட்டோம்!”

முதலில் போனது ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கு. ஏ.சி ஹால், காபி மெஷின் எல்லாம் இருந்தது. பெட்டியைப் பார்த்ததுமே அந்தத் தம்பி தலையாட்டினார். “மேடம், வெளியில வாங்கின பார்ட்ஸை நாங்க மாட்டுறதில்ல. நாளைக்கு ஒரு பிரச்னைன்னா பார்ட் மேல தப்பா, நாங்க மாட்டினது தப்பான்னு யார் சொல்றது?”

கோபம் வந்தாலும், யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. சமைக்கிறவரிடம் அரிசி, பருப்பை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டு, ருசிக்கு மட்டும் அவரைப் பொறுப்பேற்கச் சொன்னால் எப்படி?

அடுத்து, எங்கள் ஏரியாவிலேயே ஒரு மரத்தடி ஒர்க்‌ஷாப். “கொண்டு வாங்க, அரை நாள்ல முடிச்சிடலாம்” என்றார் உற்சாகமாக. சும்மா இருக்காமல் நான், “ஸ்பிரிங்கை எப்படிண்ணா அமுக்குவீங்க?” என்று கேட்டேன். முந்தின நாள் ராத்திரி முழுக்க அதைப் பற்றித்தான் படித்திருந்தேன். “அதுக்குன்னு தனி டூல் எல்லாம் எதுக்கும்மா? கயித்தைப் போட்டுக் கட்டி, ரெண்டு பேர் ஏறி நின்னா அமுங்கிடும்” என்றார்.

நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். காரணம் இருக்கிறது. இப்போது ஓடும் பெரும்பாலான சின்ன கார்களில் முன்பக்கம் இருப்பது ‘மேக்பெர்சன் ஸ்ட்ரட்’. ஏர்ல் மேக்பெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1940-களில் வடிவமைத்தது. இதில் ஸ்பிரிங்குக்கு நடுவிலேயே ஷாக் அப்சர்பர் நிற்கும். அதைக் கழற்ற வேண்டுமானால், முதலில் ஸ்பிரிங்கை அதற்கான கம்ப்ரஸர் டூலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மேலே இருக்கும் நட்டைத் திறக்க வேண்டும். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் கைநழுவினால், அது பாய்கிற வேகத்தில் முகமோ கையோ போய்விடும். ஆயாவின் இடுப்பைக் காப்பாற்றப் போய், இன்னொருவர் கையை ஏன் பலி கொடுக்க வேண்டும்?

ஜி.பி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை

“ஜி.பி. ரோடு போ. அங்கே கேட்டா ஆள் கிடைக்கும்” என்றார் அப்பா. சனிக்கிழமை காலை எல்.ஐ.சி மெட்ரோவில் இறங்கி நடந்தேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்பது முழுப்பெயர். ஆனால், சென்னையில் கார் வைத்திருக்கும் யாருக்கும் அது ‘ஜி.பி. ரோடு’தான். இரண்டு பக்கமும் கார் பாகங்கள் விற்கும் கடைகள். ஒரு கடையில் பேரிங், அடுத்ததில் கிளட்ச், அதற்கடுத்து சீட் கவர். கடை வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு மியூசிக் சிஸ்டம் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சின்ன கடையில் பெட்டியின் போட்டோவைக் காட்டினேன். கல்லாவில் இருந்த பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“பார்ட் சரியானதுதான்மா. மவுண்ட் எங்க? பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எங்க?”

முழித்தேன். அவரே பொறுமையாகச் சொன்னார். “ஸ்பிரிங் வண்டியோட எடையைத் தாங்கும். அந்த ஸ்பிரிங் ஆடுற ஆட்டத்தை அடக்குறதுதான் ஷாக் அப்சர்பர். உள்ள ஆயில் இருக்கும், பிஸ்டன் இருக்கும். சின்னச் சின்ன ஓட்டை வழியா ஆயில் நெருக்கிப் போகும்போது ஆட்டம் அடங்கும். ஆயில் ஒழுகிப் போச்சுன்னா அடக்க ஆள் இல்ல. அதான் தொட்டில் மாதிரி ஆடுது. ஆனா, மேல இருக்கிற ரப்பர் மவுண்ட் பழசா இருந்தா, புதுசு போட்டும் சத்தம் போகாது. பிரிக்கிறது ஒரு தடவை, அப்பவே எல்லாத்தையும் மாத்திடணும்.”

பக்கத்துக் கடைப் பையன் ஒருவர், “அக்கா, ஸ்பிரிங் நடுவுல ரப்பர் பஃபர் வெச்சுக்கங்க. வண்டி ஹைட் ஏறும், அடி தட்டாது” என்று ஒரு பாக்கெட்டை நீட்டினார். பெரியவர் சிரித்தார். “வண்டியில போறது வயசானவங்கன்னா வேண்டாம்மா. ஸ்பிரிங்கை முழுசா அமுங்க விடாது, இன்னும் தூக்கித்தான் போடும்.” விற்க உட்கார்ந்திருப்பவரே வேண்டாம் என்று சொன்னதும், அவர்மீது நம்பிக்கை வந்துவிட்டது.

“யார்கிட்ட மாட்டுறது சார்?” என்றேன். ஒரு சீட்டில் வழியை எழுதிக் கொடுத்தார். “சிந்தாதிரிப்பேட்டை தாண்டி, புதுப்பேட்டைக்குள்ள. என் பேரைச் சொல்லாத, வண்டியை மட்டும் காட்டு. பார்த்துட்டு அவரே சொல்லுவார்.”

தறிப் பேட்டையும் புதுப்பேட்டையும்

அண்ணா சாலையைத் தாண்டினால் சிந்தாதிரிப்பேட்டை. கூவம் மூன்று பக்கம் வளைத்துக்கொண்டு ஓடும் ஊர். 1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்து கொடுக்க நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம். ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதுதான் மருவி இப்படி ஆனது என்பார்கள். தறிச் சத்தம் கேட்ட தெருக்களைத் தாண்டி, கூவத்தைக் கடந்தால் புதுப்பேட்டை. இங்கே கேட்பது சுத்தியல் சத்தம்.

‘கண்டம்’ ஆன வண்டிகள் வந்து சேரும் இடம் இது. ஒரு கடை வாசலில் கதவுகள் மட்டும் சாய்ந்து நிற்கின்றன. இன்னொன்றில் ஸ்டியரிங் வளையங்கள் வாழைத்தார் மாதிரி தொங்குகின்றன. இன்ஜின்கள் மாடி உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. காலுக்குக் கீழே மண்ணே தெரியவில்லை, ஆயில் ஊறிக் கறுத்த தரை. “என்ன வண்டிம்மா? என்ன வேணும்?” என்று இரண்டு பக்கமும் குரல்கள்.

பழைய ஷாக் அப்சர்பர் என்ன விலை என்று சும்மா விசாரித்தேன். பாகங்களைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். “கதவு வாங்கு, கண்ணாடி வாங்கு, சீட்டு வாங்கு. பிரேக்கு, ஷாக் அப்சர்பர் மட்டும் பழசு வாங்காதம்மா. அது எவ்வளவு ஓடுச்சுன்னு எனக்கே தெரியாது.”

சீட்டில் இருந்த ஒர்க்‌ஷாப் ஒரு சந்துக்குள் இருந்தது. போர்டு இல்லை. மூன்று வண்டிகள் நிற்கும் அளவு இடம். சுவரில் ஆணியடித்து, அளவு வாரியாக ஸ்பானர்கள். என் கண் தேடியது ஒன்றைத்தான். அது ஒரு மூலையில் இருந்தது, ஸ்பிரிங் கம்ப்ரஸர்!

பெட்டியின் போட்டோவை நீட்டினேன். மெக்கானிக் அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. “பெட்டி இருக்கட்டும்மா. வண்டியைக் கொண்டு வா, ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

பெட்டியில் இல்லாத வியாதி

திங்கட்கிழமை அப்பாவும் நானும் லீவு போட்டுவிட்டு வண்டியோடு போனோம். அவர் முதலில் பானெட்டின் ஓரத்தை அழுத்திவிட்டார். பிறகு பின்பக்கம். அப்புறம் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மேடு பள்ளம் பார்த்து ஒரு ரவுண்டு அடித்தார். ஜாக்கி போட்டு, தாங்குகட்டை வைத்து, கீழே படுத்து கடப்பாரையால் ஒவ்வொன்றாக நெம்பிப் பார்த்தார்.

“பின்னாடி ரெண்டும் ஆயில் ஒழுகிடுச்சு, மாத்தணும். முன்னாடி ஷாக் அப்சர்பரும் வீக்குதான். ஆனா, அந்த ‘டம்’ சத்தம் அதுல வரல. லோயர் ஆர்ம் புஷ் கிழிஞ்சிருக்கு, லிங்க் ராடு ஆடுது. நீங்க கொண்டு வந்த பெட்டியை மட்டும் மாட்டி அனுப்பினா, நாளைக்கே சத்தம் போகலைன்னு வந்து நிப்பீங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். இரண்டு மாதமாக நாங்கள் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தது பாதி மருந்துதான். சரியாகச் சொன்னால், டாக்டரைப் பார்க்காமலே வாங்கிய மருந்து.

மறுபடி ஜி.பி. ரோட்டுக்கு ஓடி, புஷ், லிங்க் ராடு வாங்கி வந்தேன். வேலை மாலை வரை நடந்தது. ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. புஷ் மாட்டிய பிறகு போல்ட்டை அவர் முழுசாக முறுக்கவில்லை. வண்டியைக் கீழே இறக்கி, சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. ஏன் என்றேன். “தொங்கும்போது முறுக்கினா, இறக்கினதும் ரப்பர் எப்பவும் முறுக்கின மாதிரியே நிக்கும்மா. சீக்கிரம் கிழியும்.” யாரும் பார்க்காத இடத்தில், ஒரு நிமிட வேலை. அதைச் செய்கிறவரைத்தான் நான் இத்தனை நாள் தேடியிருக்கிறேன்.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலே ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார். “நேரா வீல் அலைன்மென்ட் போங்க. செய்யாம ஓட்டினா டயரைத் தின்னுடும். 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒருமுறை காட்டுங்க, நட்டெல்லாம் செக் பண்ணித் தர்றேன்” என்றார்.

நீங்களும் தேடுறீங்களா? இதைக் கவனிங்க!

* பாகம் வாங்கும் முன் வண்டியைக் காட்டுங்கள். சத்தம் ஷாக் அப்சர்பரில்தான் வருகிறது என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம்.

* காரின் ஓரத்தை அழுத்தி விடுங்கள். ஒரு ஆட்டத்தில் நிற்காமல் தொடர்ந்து ஆடினாலோ, ஷாக் அப்சர்பரில் ஆயில் ஈரம் தெரிந்தாலோ உடனே கவனிக்க வேண்டும்.

* மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். இடது புதுசு, வலது பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் வண்டி ஒருபக்கம் இழுக்கலாம்.

* ஸ்பிரிங் கம்ப்ரஸர் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

* வெளியில் வாங்கிய பாகத்தை மாட்டச் சம்மதமா, கூலி எவ்வளவு, மாட்டியதில் குறை வந்தால் யார் பொறுப்பு... மூன்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

* பாகத்தின் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

செஞ்சி ரோட்டில்...

ஆடி மாதம், விடியற்காலையில் கிளம்பினோம். ஆயாவை ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. “ஸ்பீடு பிரேக்கர்ல பாரு, அப்புறம் பேசு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருமுனை ஸ்பீடு பிரேக்கர் வந்தது. அப்பா என்றைக்கும் போலத்தான் ஏற்றினார். வண்டி ஏறியது, இறங்கியது, நின்றது. சத்தம் இல்லை. நான் கண்ணாடியில் ஆயாவைப் பார்த்தேன். கை, கதவின் பிடியில்தான் இருந்தது. எதுவும் சொல்லவில்லை.

திண்டிவனம் வரை நல்ல ரோடு. அங்கே திரும்பி செஞ்சிப் பக்கம் போகப் போக, உருட்டிவிட்ட மாதிரி பாறைகள் அடுக்கிய குன்றுகள் தெரிய ஆரம்பித்தன. ராஜகிரிக் கோட்டை கண்ணில் பட்டதும், “தோ, மலை வந்துடுச்சு” என்று ஆயா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

கைப்பிடியை அவர் எப்போது விட்டார் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

ஊருக்குள் நுழையும் மண்ரோட்டில் வண்டி லேசாகக் குலுங்கியது. அப்பா பதறிப்போய், “நோவுதாம்மா?” என்றார். “ரோடுன்னா குலுங்காதா? நீ நேரா பார்த்து ஓட்டு. கூழ் ஊத்த ஆரம்பிச்சிருப்பாங்க” என்றார் ஆயா.