படிப்புக்கு நடுவே இரண்டு மணி நேரம்

நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுகிறேன் என்று யாராவது நல்ல பிள்ளையாகக் கிளம்பினால், அங்கே வேலை செய்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். 'மேஜையிலேயே விட்டுவிடுங்கள்' என்பார்கள். இடம் மாறிப் போன புத்தகம் தொலைந்த புத்தகம்தான். கணினியில் 'இருக்கிறது' என்று காட்டும். அலமாரியில் தேடினால் கிடைக்காது.

அவளுக்கு இது தெரிந்தது வகுப்பில் அல்ல, பல்கலைக்கழக நூலகத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகும் வழியில், காலாப்பட்டில் இருக்கிறது அந்த மத்தியப் பல்கலைக்கழகம். 1985-ல் தொடங்கியது. நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர். டியூப்ளேயின் துபாஷியாக இருந்தவர். 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். உத்தியோகத்துக்கு நடுவே எழுத்து அவருக்கு. படிப்புக்கு நடுவே உத்தியோகம் இவளுக்கு.

ஊர் திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம். அப்பா கொத்தனார். வேலை இருக்கிற வாரம் காசு, மழை பெய்தால் இல்லை. வீட்டில் முதன்முதலாக எம்.ஏ. வரை வந்தவள் இவள்தான்.

வகுப்பு முடிந்து இரண்டு மணி நேரம் வேலை. திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து அடுக்க வேண்டும். கேட்கச் சுலபம். பல நூலகங்களில் உள்ள டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. புதிதாக வருபவர்கள் 894.9-ஐ அதற்கு முன்னால் வைத்துவிடுவார்கள். 811 பெரிய எண்ணாயிற்றே! ஆனால் தசமக் கணக்கில் 894.811தான் முன்னால் வரும். ஏழாம் வகுப்பில் படித்துவிட்டு மறந்தது, இங்கே கால் கடுக்க நின்றபோது திரும்பி வந்தது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. தேடிவந்த புத்தகம் இரண்டே நிமிடத்தில் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் போகிற மாணவருக்கு, யார் அதை அடுக்கி வைத்தது என்று நினைக்கத் தோன்றாது. தோன்றாமல் இருந்தால்தான் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில்தான் பிரச்னை. "ஏம் பாப்பா, உன்ன படிக்கத்தான அனுப்புனோம்? வேலைக்குப் போறன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா என்னா நெனப்பாங்க?" என்றாள் அம்மா. அப்பா அதைக்கூடச் சொல்லவில்லை. ஒரு வாரம் போனுக்கே வரவில்லை.

அதே தெருவில் தூரத்து உறவுக்காரப் பையன் ஒருவன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். கல்லூரி கேன்டீனில் தட்டு கழுவுகிறான். மாணவர் விசாவில் போனவர்கள் படிப்பு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது அந்த நாட்டு விதி. 'எம்புள்ள சொந்தமா சம்பாரிச்சுப் படிக்கிறான்' என்று அவன் அம்மா கல்யாண வீட்டில் சொன்னபோது, எல்லோரும் ஆச்சரியப்பட்டுக் கேட்டார்கள். டெக்சாஸில் கழுவினால் பெருமை, காலாப்பட்டில் அடுக்கினால் கௌரவக் குறைச்சல். இது என்ன கணக்கோ!

இத்தனைக்கும் இது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கமும் இல்லை. மகாராஷ்டிரத்தில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919-ல் தொடங்கிய ரயத் கல்வி நிறுவனத்தில், ஏழைப் பிள்ளைகள் உழைத்துக்கொண்டே படித்தார்கள். விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக அவர் மனைவி லட்சுமிபாய் தன் நகைகளையே கழற்றிக் கொடுத்தார்.

மணிக்கணக்கில்தான் அவளுக்குச் சம்பளம். பெரிய தொகை இல்லை. ஜெராக்ஸ், பஸ், நாப்கின், மெஸ் பாக்கியில் ஒரு பங்கு, அவ்வளவுதான் வரும். ஆனால் இதில் முக்கால்வாசி, அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று அவள் இரண்டு நாள் தள்ளிப்போட்ட செலவுகள். காரணம் சொல்லாமல் ஒரு நூறு ரூபாயை எடுத்துச் செலவு செய்ய முடிவது பத்தொன்பது, இருபது வயதுப் பெண்ணுக்கு எத்தனை பெரிய விஷயம் என்பது, கேட்டுக் கேட்டு வாங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

சும்மா வரவில்லை அது. செமஸ்டர் நெருங்கும்போது தோழிகள் விடுதியில் கூடிப் படிக்க, இவள் வண்டி தள்ளிக்கொண்டிருப்பாள். இரவு பதினோரு மணிக்கு நோட்டைத் திறந்தால் கண் சொருகும். அந்த வாரங்களில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளக் கேட்க வேண்டும்; சம்பளமும் குறையும்.

இரண்டாவது மாதம் அப்பாவே போன் செய்தார். மழையால் வேலை நின்றுவிட்டது, மெஸ் பணத்தைப் பத்து நாள் கழித்து அனுப்பட்டுமா என்று இழுத்தார்.

"கட்டிட்டேன்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "எம்மாம் நேரம் நிக்கணும் பாப்பா? உக்கார சேர் கீர் போடுவாங்களா?"