பிரேக் கற்றுத் தந்த மகன்

போன ஐப்பசி மழையில், தெருமுனையில் திரும்பும்போது சட்டென்று முன் பிரேக்கைப் பிடித்து ஸ்கூட்டரோடு விழுந்தேன். கை எலும்பில் விரிசல். கட்டுப் பிரித்த பிறகும் வண்டியைத் தொடப் பயம்.

என் மகனுக்குக் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுவதென்றால் உயிர். ஸ்டியரிங், பெடல் எல்லாம் நிஜம் போலவே வைத்திருக்கிறான். "வெட்டிச் செலவு!" என்று தினமும் திட்டுவேன்.

"ஒரு தடவை உட்கார்ந்துதான் பாரேம்மா" என்றான். திரையில், 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் பிரான்ஸின் லே மான் பாதை. ஒரு சுற்றே பதின்மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். கார், புரோட்டோடைப் என்ற பந்தய வகை.

"வேகமாப் போறப்போ காத்து காரைத் தரையோட அழுத்தும். அப்போ பலமா மிதி. வேகம் குறையக் குறைய அந்த அழுத்தமும் போயிடும். காலை மெள்ளத் தளர்த்து. இல்லேன்னா சக்கரம் லாக் ஆயிடும்."

முன் சக்கரம் லாக் ஆனால் கார் திரும்பாது. பின் சக்கரம் என்றால் சுழன்றுவிடும். அதனால் பிரேக்கின் பலத்தை முன்னுக்குச் சற்று அதிகமாகப் பிரித்து வைத்திருந்தான்.

"வளைவு வர்றதுக்கு முன்னாடியே, நேர்ப் பாதையிலேயே முக்கால்வாசி வேகத்தைக் குறைச்சிடணும்மா."

சுருக்கென்றது. நான் விழுந்தது திரும்பும்போது பிடித்ததால்தானே!

மறுவாரம் அவனைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரை எடுத்தேன். அதே தெருமுனை. முன்கூட்டியே இரண்டு பிரேக்கையும் பதமாகப் பிடித்து, தளர்த்தி, திரும்பினேன். விழவில்லை.

இப்போது திட்டுவதில்லை, சகோதரிகளே. செலவுக் கணக்கு மட்டும் கேட்கிறேன்!