கடலில் கொட்டிய அட்டைக்கு 100 கோடி ரூபாய்!

அமெரிக்காவில் 1952-ம் ஆண்டு, 'டாப்ஸ்' நிறுவனம் பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகளை பபிள்கம்மோடு சேர்த்து சில்லறைக் காசுக்கு விற்றது. அதன் கடைசித் தவணை, சீஸன் முடியும் நேரத்தில் கடைக்கு வந்ததால் சரியாகப் போணியாகவில்லை. கிடங்கில் தேங்கிய பெட்டிகளை 1960 வாக்கில் படகில் கொண்டுபோய் அட்லான்டிக் கடலில் கொட்டியதாக, அட்டைகளை வடிவமைத்த சை பெர்கரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அதே தவணையில் வந்த மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022 ஆகஸ்ட்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம்போனது. அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய்!

அரிதாகக் கிடைப்பது மட்டும்தான் காரணமா? இல்லை. அந்தத் தவணையில் வந்த மற்ற வீரர்களின் அட்டைகளும்தான் கடலுக்குப் போயின. அவற்றுக்கு இந்த விலை இல்லை. மேன்டில், நியூயார்க் யாங்கீஸ் அணியின் செல்லப்பிள்ளை. அவரைப் பார்த்து வளர்ந்த சிறுவர்கள், பெரியவர்களாகிக் கையில் காசு புரண்டபோது, வீட்டில் எப்போதோ குப்பைக்குப் போன அட்டைகளைத் தேட ஆரம்பித்தார்கள். தேடியவர்கள் அதிகம், கிடைத்ததோ கொஞ்சம்.

மூன்றாவது விஷயம், அட்டையின் நிலை. மூலை மழுங்காமல், நிறம் மங்காமல் இருக்கிறதா என்று பார்த்து, 10-க்கு மதிப்பெண் போடுவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. ஏலம்போன மேன்டில் அட்டை வாங்கிய மதிப்பெண் 9.5. கசங்கிப்போன அதே அட்டைக்கு இந்த விலையில் சிறு பங்குதான் தேறும்.

பழைய அட்டைகளின் விலை ஏறுவதைப் பார்த்த பலர், 1980-களின் இறுதியில் புது அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமல் பத்திரப்படுத்தினார்கள். பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று நம்பிய பெற்றோரும் அவர்களில் உண்டு. நிறுவனங்களும் விடாமல் அச்சடித்துத் தள்ளின. விளைவு? எல்லோர் வீட்டிலும் அதே அட்டை, அதே புத்தம்புது நிலையில். அந்தக் காலகட்டத்துக்கே 'ஜங்க் வேக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள் சேகரிப்பாளர்கள். 'ஜங்க்' என்றால் குப்பை. 'வேக்ஸ்' என்பது அட்டைகளைச் சுற்றிவந்த மெழுகுத்தாள். அவற்றில் பெரும்பாலானவற்றை இன்றும் சொற்ப விலைக்கு வாங்கலாம்.

அந்த 100 கோடி ரூபாய் அட்டையை விற்றவர், அதை 1991-ல் 50,000 டாலருக்கு வாங்கி 31 ஆண்டுகள் வைத்திருந்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் வாங்கப்பட்டவைதான் பெற்றோர் சேர்த்த பெட்டிகளும். காத்திருந்ததில் இருவருக்கும் வித்தியாசமில்லை. ஆனால், அவர் வாங்கியது யாரும் பத்திரப்படுத்த நினைக்காத காலத்தில் தப்பிப் பிழைத்த அட்டை. இவர்கள் வாங்கியது ஊரே பத்திரப்படுத்திய அட்டை.

வீட்டில் குழந்தை போக்கிமான் அட்டை கேட்டால், விளையாட வாங்கிக் கொடுக்கலாம். 'பின்னாளில் லட்சங்களுக்குப் போகும்' என்று யாராவது பெட்டியோடு விற்க வந்தால், இதே பெட்டி இன்னும் எத்தனை வீட்டில் பிரிக்காமல் இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.