சப்பா, டப்பா? சிப்காட் அறையில் ஓர் அனிமே பஞ்சாயத்து!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு வாடகை அறை. நான்கு பேர் தங்கியிருக்கிறார்கள். ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் எந்நேரமும் ஒருவராவது தூங்கிக்கொண்டிருப்பார். தண்ணீர் கேனை யார் தூக்குவது என்று அங்கே சண்டை வந்ததில்லை. வந்ததெல்லாம் அனிமேக்காகத்தான்.

சண்டைக்காரர்கள் இருவர். ஒருவர் ஐ.டி.ஐ முடித்து பிரஸ் மெஷினில் வேலை பார்க்கும் அண்ணன். வயது 28. இன்னொருவர் டிப்ளமோ முடித்து டிரெய்னியாகச் சேர்ந்திருக்கும் தம்பி. வயது 21.

தம்பிக்கு உயிர் 'ஒன் பீஸ்'. 1999-ல் தொடங்கி, ஆயிரம் எபிசோடைத் தாண்டியும் முடியாத தொடர். "எங்கம்மா பார்க்கிற சீரியலே இதைவிடச் சீக்கிரம் முடிஞ்சிரும் தம்பி" என்பார் அண்ணன். அவருக்கு 'டீமன் ஸ்லேயர்'. "அதுல கதை எங்கண்ணே இருக்கு? கத்தியும் கலரும்தான்" என்பான் தம்பி. இதுவரை எல்லாம் சிரிப்போடு போனது.

சப், டப் பேச்சு வந்தபோதுதான் வம்பு. ஜப்பானியக் குரலில் ஆங்கில சப்டைட்டிலோடு பார்ப்பது சப். தமிழ்க் குரலில் பார்ப்பது டப். அண்ணன் டப் கட்சி. ஒருநாள் இரவு தம்பி சொன்னான், "சப்ல பார்க்கிறவன்தாண்ணே ஒரிஜினல் ஃபேன். டப்ல பார்க்கிறதெல்லாம் டப்பா."

அறையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். ஆனால், மறுநாளிலிருந்து இயர்போனை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

2025 செப்டம்பர் 12. 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. தமிழிலும் வந்தது. அண்ணனுக்குப் பிடித்த படமாயிற்றே என்று தம்பி இரண்டு டிக்கெட் எடுத்தான். ஜப்பானிய மொழிக் காட்சிக்கு.

"நீ போயிட்டு வா தம்பி. எனக்கு ஓவர்டைம்" என்றார் அண்ணன்.

அன்று அவருக்கு ஓவர்டைம் இல்லை என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். தம்பி விடாமல் கேட்ட பிறகு மெதுவாகச் சொன்னார். "இங்கிலீஷை நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுக்குள்ள அடுத்த வசனம் போயிடுதுடா. எழுத்தைப் பார்த்தா படம் போகுது. படத்தைப் பார்த்தா கதை போகுது. அதுவும் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த கண்ணு."

தம்பியிடம் பதில் இல்லை. அவன் ரசனை என்று நினைத்து அடித்த கிண்டல், போய்ப் பட்டது அண்ணனின் ஆங்கிலத்தில்.

ரஜினியின் 'முத்து' 1998-ல் ஜப்பானில் 'டான்சிங் மகாராஜா' என்ற பெயரில் வெளியாகி ஓடு ஓடென்று ஓடியது. அந்த ரசிகர்களும் சப்டைட்டில் படித்துத்தான் ரசித்தார்கள். ஆனால், அவர்கள் படித்தது சொந்த மொழியில். நம் ஊரில் சப்டைட்டில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது. 'சப்தான் ஒரிஜினல்' என்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

டப்பிங்கைக் குறை சொல்லும் தலைமுறையும் ஒருகாலத்தில் 'ஷின் சான்' பார்த்துச் சிரித்ததுதான். அந்தக் குறும்புப் பையன் தமிழில் பேசியபோது, ஜப்பானியக் குரல் எங்கே என்று யாரும் தேடவில்லை.

அதற்காக, சப் பார்ப்பவர்கள் பந்தா காட்டுகிறார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. ஜப்பானில் குரல் நடிகர்களுக்கென்றே தனி ரசிகர் கூட்டம் உண்டு. அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய காதுக்கு வேறு குரல் ஒட்டாமல் போவதும் நியாயம்தான். தம்பிக்கு அந்தக் காது. அண்ணனுக்கு இந்தக் கண்.

தம்பி அந்த டிக்கெட்டுகளை நண்பர்களிடம் கொடுத்துவிட்டான். அடுத்த வார விடுமுறையில் இருவரும் மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போய்த் தமிழில் பார்த்தார்கள். மொத்தம் 155 நிமிடம். சண்டைக் காட்சிகளில் அண்ணன் விசிலடித்தார். தம்பி ஓரிரு இடங்களில் நெளிந்தான்.

திரும்பும் ரயில் எண்ணூரைத் தாண்டியபோது அண்ணனே கேட்டார், "டப்பிங் எப்படிடா?"

"வில்லன் குரல் மட்டும் ஒட்டலைண்ணே."

"சரி, அதை நீ ஜப்பான்லயே இன்னொரு தடவை பார்த்துக்க. அந்த 'ஒன் பீஸ்' முதல் எபிசோட் என்ன கதை? நீயே சொல்லு."

தம்பி மீஞ்சூரில் ஆரம்பித்தான். பொன்னேரி வந்தது, கவரைப்பேட்டை வந்தது. கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போதும் முதல் எபிசோட் முடிந்திருக்கவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே, சீரியல்னு!" என்றார் அண்ணன்.