கடைமடைக்கும் உடன்படிக்கை தெரிய வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் – கணினி அறிவியல்)

குடகு மலையில் பிறக்கும் காவிரி, எங்கள் போலகத்து வயலுக்கு வந்து சேரும்போது கடலை நெருங்கிவிடுகிறது. ஆகவே எங்களூர் கடைமடை. மேலே மடையை அடைத்தால், கீழே இருப்பவன் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். நாற்று நட்டும் கதிர் அறுத்தும் என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய என் பெற்றோர், ஏட்டில் படிக்காமலே கற்ற பாடம் இது.

இவ்வாண்டு வகுப்பில் 'சேவை சார்ந்த மென்பொருள் கட்டமைப்பு' என்னும் பாடம் வந்தது. பெரியதொரு மென்பொருளை ஒரே கட்டடமாக எழுப்பாமல், தனித்தனிச் சேவைகளாகப் பிரித்து அமைப்பதே இதன் சாரம். ஒவ்வொரு சேவையும் தன் வாசலில் ஓர் உடன்படிக்கையை எழுதி வைக்க வேண்டும்: என்னிடம் என்ன கேட்கலாம், நான் என்ன தருவேன், தர முடியாமற்போனால் என்ன சொல்வேன். உள்ளே எவ்வாறு செய்கிறது என்பது கேட்பவருக்கு வேண்டாத விஷயம். இணையச் சேவைகளை விவரிக்க 2007-இல் ஏற்கப்பட்ட 'வெஸ்டில் 2.0' என்னும் மொழியில், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடம் தந்ததுபோலவே பிழைக்கும் தனி இடம் தந்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குக் காவிரிதான் நினைவுக்கு வந்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் வந்து சேர வேண்டும். புதுவையின் பங்கு 7 டி.எம்.சி.; அது காரைக்காலுக்கானது. மேலே அணைக்குள் என்ன செய்தார்கள் என்பதல்ல, அளக்கும் இடத்தில் எவ்வளவு வந்தது என்பதே கணக்கு. சேவையின் இலக்கணமும் அதுவே அல்லவா?

பாடம் புரிந்துவிட்டது என்று மகிழ்ந்திருந்தேன். ஆனால் உண்மையில் புரிந்தது தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் என் அண்ணன், ஒரு திங்கட்கிழமை யு.பி.ஐ. மூலம் 1,500 ரூபாய் அனுப்பினான். அவன் கணக்கில் பணம் குறைந்தது. என் கணக்கில் ஏறவில்லை. 2016-இல் தொடங்கிய இந்த முறையில், கைப்பேசிச் செயலி, தேசியக் கொடுப்பனவுக் கழகம், அனுப்புவோர் வங்கி, பெறுவோர் வங்கி எனப் பல சேவைகள் ஒன்றையொன்று கேட்டுப் பதில் பெறுகின்றன. இரகசிய எண்ணைச் சரிபார்ப்பது அனுப்புவோரின் வங்கி மட்டுமே. இவற்றுள் ஏதோ ஒன்றிலிருந்து பதில் வரவில்லை. அண்ணன் தன் வங்கிக்குப் போய்க் கேட்டான். "வந்துடும் தம்பி, பொறுத்திரு" என்றார்களாம்.

புதன்கிழமை கடைசி நாள். அம்மா எதுவும் பேசாமல் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்துக் கட்டணம் கட்டினேன். வெள்ளிக்கிழமை பணம் அண்ணன் கணக்கிற்கே திரும்பியது.

பல நாட்கள் கழித்துப் பேராசிரியர் வகுப்பில் ஒரு செய்தி சொன்னார். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, இப்படி அனுப்பிய தொகை போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திருப்ப வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு. அதுவும் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் வங்கியே தர வேண்டும். நான் விரல்விட்டு எண்ணினேன். மூன்று நாள், 300 ரூபாய்! எங்களுக்கு அது வரவில்லை. கேட்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத என் அப்பா 'ஏழு டி.எம்.சி.' என்பதை அறிவார். கணினி படிக்கும் நான் அந்த நூறு ரூபாயை அறியவில்லை!

மறுநாள் அண்ணனுக்காகப் புகார் மனு எழுதினேன். என் படிப்பு எங்கள் வீட்டிற்குப் பயன்பட்ட முதல் காகிதம் அதுதான்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் சேவைகளை வடிவமைக்கப் போகிறோம். 'எல்லாம் நலமாக நடந்தால்' என்று எழுதுவது எளிது. நடக்காதபோது யார் பொறுப்பு, எத்தனை நாளில், எவ்வளவு என்பதையும் எழுதுவோம். எழுதியதைத் தாய்மொழியில் எடுத்துச் சொல்வோம். உடன்படிக்கை இயந்திரங்களுக்கிடையே மட்டும் ஓடினால் போதாது. தண்ணீரைப் போல அதுவும் கடைமடைவரை வந்து சேர வேண்டும்.