மந்திரமுங் கவசமும்

மந்திரம் என்பது சொல்லிய அளவிற் பலிப்பது என்று பலர் எண்ணுவர். நம் முன்னோர் அங்ஙனம் எண்ணினாரல்லர். துவட்டா என்னுந் தேவதச்சன், இந்திரனைக் கொல்லும் மகனை வேண்டி வேள்வி இயற்றியபோது, ‘இந்திரசத்துரு’ என்னுஞ் சொல்லின் ஒலியழுத்தம் இடம் மாறிற்று. ‘இந்திரனைக் கொல்வோன்’ என்று நிற்கவேண்டிய பொருள் ‘இந்திரனாற் கொல்லப்படுவோன்’ என்றாயிற்று. விருத்திரன் பிறந்தான், இந்திரன் கையில் மாண்டான். கன்னனோ பரசுராமரிடம் பெற்ற படைக்கல மந்திரத்தை, அவர் இட்ட சாபத்தினால், வேண்டிய வேளையில் மறந்தான். முன்னது உச்சரிப்பின் பிழை. பின்னது நினைவின் பிழை. மந்திரமுந் தவறும் என்பதையும், தவறுவதற்குக் காரணம் உண்டு என்பதையும் இவ்விரு கதைகளும் உணர்த்தும்.

கல்லூரி நாளிற் கேட்ட இக்கதைகளை, நாற்பது வயது கடந்தபின் யான் மீளவும் எண்ண நேர்ந்தது ஒரு கணினி விளையாட்டினால் என்றால், இம்மலரைப் படிக்கும் அன்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைத்தபின் மேலும் படிக்குமாறு வேண்டுகின்றேன்.

யான் தமிழ் கற்பிப்பது கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில். மலையகம் என்றவுடன் தேயிலையே பலர் நினைவிற்கு வரும். எனினும் சபரகமுவவின் தாழ்ந்த குன்றுகளில் இறப்பரும் மிகுதி. எம் மாணவர் பலருடைய தாய்மார் விடியற்காலையிற் பால் வெட்டச் செல்பவர். மழை பெய்து மரப்பட்டை நனைந்திருப்பின் அன்று வெட்டு இல்லை. அத்தகைய தாய் ஒருத்தியின் மகன், பதினோராந் தரத்தில் என்னிடம் பயின்றவன், பாடசாலையிலிருந்த பழைய கணினி ஒன்றில் நெற்ஹாக் என்னும் விளையாட்டை ஓய்வு நேரங்களில் ஆடிவந்தான்.

இவ்விளையாட்டு 1980இல் தோன்றிய றோக் என்பதன் வழியில் வந்து, 1987இல் முதன்முதலாக வெளியாயிற்று. இன்றும் இதனை இலவசமாகப் பெறலாம். வண்ணப் படங்கள் வேண்டியதில்லை. எழுத்துக்களே சுவராகவும் வாயிலாகவும் அரக்கராகவுந் திரையில் நிற்கும். ஆதலின் மிகப் பழைய கணினியிலும் ஓடும். ஆடுவோன் வீரன், குருக்கள், மந்திரவாதி முதலிய வேடங்களில் ஒன்றை ஏற்று, நிலவறைகளுள் இறங்கி, யெண்டோரின் தாயத்தைத் தேடி எடுத்து மீளல் வேண்டும். ஒருமுறை இறந்தால் முதலிலிருந்தே தொடங்கல் வேண்டும்.

எம் மாணவன் மந்திரவாதி வேடத்தையே விரும்பி ஏற்றான். ஆனால் மந்திரங்களின் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொன்றின் எதிரிலும் அது நூற்றுக்கு எத்தனை தவறும் என்னும் எண் நின்றது, அவ்வெண்கள் பெரியனவாயிருந்தன. தவறிய மந்திரத்திற்கும் வேண்டிய ஆற்றலிற் பாதி செலவாகிவிடும். அதனால் அவன் சலித்து, “சேர், நமக்கு மந்திரம் ராசியில்லை, கத்தியாலேயே வெட்டிக்கிறேன்” என்றான். ‘ராசியில்லை’ என்னும் அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. சாதாரண தரப் பரீட்சையைப் பற்றியும் அவன் அதே சொல்லையே சொல்லியிருந்தான். பரீட்சைக்குத் தோற்றாது கொழும்பிற் கடையொன்றிற் சேர எண்ணியிருந்தான்.

இருவரும் இருந்து அந்த எண்ணின் காரணத்தை ஆராய்ந்தோம். விளையாட்டின் விதிகள் ஆங்கிலத்தில் இருந்தமையால் அகராதியும் எம்முடன் இருந்தது. முதற்காரணங் கண்முன்னேயே கிடந்தது. உயிருக்கு அஞ்சிய பையன், வழியிற் கிடைத்த இரும்புக் கவசத்தையும், இரும்புத் தலைச்சீராவையும், பெரிய கேடயத்தையும் மந்திரவாதிக்கு அணிவித்திருந்தான். இவ்விளையாட்டில் உலோகக் கவசம் மந்திரத்திற்குப் பெருந்தடை. உலோகத்தாலான கையுறையும் காலணியுந் தலைச்சீராவுந் தத்தம் அளவிற்குத் தடைசெய்யும். அறிவை மிகுக்கும் ஒருவகைத் தலைச்சீரா மட்டும் இதற்கு விலக்கு. சிறு கேடயத்தினும் பாரமான கேடயமோ, பலிக்கும் வாய்ப்பைப் பெரும்பாலும் நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். தோலாலான கவசத்தினால் இத்தடை இல்லை. அங்கி ஒன்று கிடைத்து அணிந்தால் தவறும் வீதம் மேலுங் குறையும்.

இரண்டாவது, மந்திரத்தின் படி. மந்திரங்கள் ஒன்று முதல் ஏழு வரை படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. படி ஒன்றிற்கு ஐந்து அலகு ஆற்றல் செலவாகும். ஏழாம் படி நூலைத் தொடக்கத்திலேயே திறக்க முயன்றால், மந்திரம் வாராததோடு தீங்கும் வந்துசேரும். முதற்படியைப் பலகாற் சொல்லிப் பழகியவனுக்கே அவ்வினத்தில் தேர்ச்சி வளரும். பலித்த மந்திரமே பயிற்சிக் கணக்கிற் சேரும் என்பதால், எளிதிற் பலிப்பதிலிருந்து தொடங்குவதே முறை. ‘உரு ஏறத் திரு ஏறும்’ என்று நம்மவர் கூறுவதும் இதுவே. இன்னுமொன்று: பயிற்சி நிறைந்தாலுந் தேர்ச்சி தானாக உயர்வதில்லை, ஆடுவோன் கட்டளையிட்டு உயர்த்திக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, நினைவு. கற்ற மந்திரம் 20,000 ஆட்டமுறை வரையே நெஞ்சில் நிற்கும். அதன்பின் அதனைச் சொல்ல முயல்வோன் மதிமயங்குவான். ஆதலின் நூலை எறிந்துவிடாது காத்து, நினைவு தேய்ந்து வருங்கால் மீளப் படித்தல் வேண்டும். கன்னனுக்கு இவ்வாய்ப்பு இல்லாது போயிற்று.

பையன் கேடயத்தைக் கீழே வைத்தான், இரும்பைக் களைந்தான், பட்டியலைத் திறந்தான். எண்கள் இறங்கியிருந்தன. “ராசி மாறிவிட்டதா?” என்று வினவினேன். அவன் சிரித்தான். ஆயினும் அடுத்த நிலவறையில் எறும்புகள் சூழ, அவன் இறந்தே போனான். கவசமின்றி நிற்போனுக்கு அந்த ஆபத்து உண்டு. எதைக் களைவது, எதை வைத்துக்கொள்வது என்பதை அறிந்து தெரிதலே இவ்விளையாட்டின் நுட்பம்.

இதனை யான் வகுப்பறையுட் கொண்டுவந்தேன். தமிழ்க் கட்டுரை எழுதுதற்கு எம் பிள்ளைகள் அணியும் இரும்புக் கவசம் ஒன்றுண்டு. அது மனனஞ் செய்த மாதிரிக் கட்டுரை. அச்சத்தினாலேயே அதனை அணிகின்றனர். ‘மழைக்காலம்’ என்று மனனஞ் செய்தவனிடம் ‘மழையினால் வரும் இடர்’ என்று கேட்டால், பிறருடைய சொற்கள் அவன் கையைக் கட்டிவிடும், பேனா நின்றுவிடும். எம் மாணவனிடம் அந்தக் கேடயத்தை வைத்துவிட்டு, முதற்படி மந்திரமாகப் பத்து வரி மட்டும், தான் கண்டதை மட்டும் எழுதச் சொன்னேன். அவன் தன் தாய் பால் வெட்டுவதை எழுதினான். கத்தி ஆழமாய்ப் போனால் மரத்திற்குக் காயமென்றும், மேலாய்ப் போனாற் பால் குறையுமென்றும், சிரட்டை நிறையுமுன் மழை வந்துவிட்டால் அம்மா ஒன்றும் பேசாமல் வீடு வருவாளென்றும் எழுதினான். எழுத்துப்பிழை ஏழு இருந்தன. ஆனால் அந்தப் பத்து வரியும் அவனுடையவை. அடுத்த வாரம் இருபது வரி எழுதினான், பிழை நான்கு. அவ்வெண்களைத் தன் கொப்பியின் கடைசித் தாளில் அவனே குறித்துவந்தான்.

அவன் பரீட்சைக்குத் தோற்றினான். இன்று உயர்தர வகுப்பிற் படிக்கின்றான். கணினி விளையாட்டினாலே தேறினான் என்று யான் கூறவில்லை, படித்துத் தேறினான். ஆனால் தவறுதல் தலையெழுத்தன்று, எண்ணிப் பார்த்துக் குறைக்கக்கூடியது என்பதை அவன் முதலிற் கண்டது அந்தப் பட்டியலிலேதான். ஆசிரிய கலாசாலையிற் கற்பித்தல் முறைகள் பலவற்றைப் பயின்றேன். இதனை ஒரு பையனோடு இருந்து பயின்றேன்.

ஒன்று மட்டும் விளையாட்டினின்றும் வேறுபடும். மந்திரவாதி தான் அணிந்த இரும்பைத் தானே களையலாம். எம் பிள்ளைகள் சுமப்பனவோ பலவுந் தாமே அணிந்தவையல்ல. லயத்து ஒற்றை அறையில் ஐவர் நடுவே படிப்பதும், பேருந்துக் காசின்றி நடப்பதும், வீட்டில் அகராதி இல்லாமையும் அவர்களாற் களையக்கூடியவை அல்ல. அவற்றைப் பிறரே இறக்கிவைத்தல் வேண்டும்.

எமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று பல நாடுகளிற் பல தொழில் புரிகின்றனர். அவருள் எவரிடமேனும் பயன்படுத்தாது வைத்த கணினியோ அகராதியோ இருப்பின், மலையகத்துப் பாடசாலை ஒன்றிற்கு அதனை அனுப்பிவைப்பாராக. அது பழையதாயினுங் குற்றமில்லை. எம் பிள்ளைகள் ஆடும் விளையாட்டும் 1987ஆம் ஆண்டினதே. கல்லூரி அன்னை நீடு வாழ்க.