வடசேரியில் குப்பை கொட்டுவதில்லை

பத்மநாபபுரம் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் புறப்பட்டுவிட்டால், நாகர்கோவில் வடசேரியின் நகைப் பட்டறைகளில் ஒதுங்க வைக்கிற வேலை தொடங்கிவிடும். 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த எழுந்தருளல் நிற்கவில்லை. ஆயுத பூசைக்கு முன் பட்டறையைத் துப்புரவாக்கும் அவசரமும் அப்படியே இருக்கிறது.

நான் பார்த்த பட்டறை, வீட்டின் பின்பக்கம் இறக்கிய ஓட்டுச் சாய்ப்பு. இரண்டு கட்டில் போட்டால் அடைந்துவிடும். சாமிக்குச் சாத்தும் கிரீடமும் பரதநாட்டியப் பெண்ணின் தலைச்சாமானும் இங்கேதான் உருவாகின்றன. வெள்ளித் தகட்டை வளைத்துக் கூடாக்கி, அரக்கு நிரப்பி, கெம்புக்கல் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கு அழுத்துகிறார்கள். ‘நாகர்கோவில் கோயில் நகை’ என்று புவிசார் குறியீடு வாங்கி வருடங்கள் பல ஆகின்றன. சாய்ப்பின் அகலம் அதனால் ஒன்றும் கூடிவிடவில்லை.

வீட்டம்மா வாரியலை எடுத்து, வாசலில் தொடங்கி உள்பக்கமாகத் தூத்திக்கொண்டு போனார். நான் பார்ப்பதைக் கவனித்த ஆசாரி, “வீட்டத் தூத்துனா வெளிய தள்ளணும், பட்டறையத் தூத்துனா உள்ள இழுக்கணும் தம்பி” என்றார்.

தூத்தியது எதையும் கொட்டவில்லை. முதலில் ஆசாரி காகிதம் சுற்றிய காந்தத்தை அதன்மேல் ஓட்டினார். அரத்தின் இரும்புத் தூளும் ஒடிந்த ரம்பப் பல்லும் மீசை முளைத்தாற்போல ஒட்டிக்கொண்டு வந்தன. மிச்சத்தைச் சட்டியில் போட்டு எரித்தால் முடி, நூல் எல்லாம் சாம்பல். உட்கார்ந்து நைந்த சாக்கையும் சேர்த்தே எரிக்கிறார்கள். சாம்பலைச் சலித்துத் தண்ணீரில் அலசும்போது லேசானது மிதந்து போகிறது, கனமானது அடியில் தங்குகிறது. மணலைவிட வெள்ளி ஏறக்குறைய 4 மடங்கு கனம், தங்கம் 7 மடங்கு. அடியில் தங்கியதை வெங்காரத்தோடு மூசையில் வைத்து உருக்கினால் (வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும்) கறுத்த பொத்தான் போல ஒரு கட்டி. முன்பெல்லாம் பட்டறை மண்ணை அப்படியே அரிப்புக்காரரிடம் கொடுத்துவிடுவார்களாம். “அவரு சொல்லுகதுதான் வெல.” பாதரசம் விட்டுப் பிசையும் பழைய வழியை ஆசாரி விட்டுவிட்டார். அதன் ஆவி விஷம், விட்டது நல்லது.

அடுக்கும் வேலைக்குப் பெரிய செலவு வைக்கவில்லை. பழக்கடைப் பலகைப் பெட்டிகள், வழவழப்பாகச் சீவிய சிரட்டைகள், பாட்டி காலத்து அஞ்சறைப்பெட்டி: சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் அளவு அளவாகப் பிரிந்து உட்கார்ந்துவிட்டன. சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிப் பலகையில் அடித்து, அதில் கத்திரியும் குறடும் சாமணமும் சொருகினார்கள். காசு கொடுத்து வாங்கியது ஆணி மட்டும்.

ஜப்பான் தொழிற்சாலைகளின் ‘5 எஸ்’ ஒழுங்குமுறை இப்போது எல்லா ஊரிலும் பாடமாகிறது; வேண்டாததை அகற்று என்பது அதன் முதல் படி. இங்கே எது வேண்டாதது என்று யார் சொல்வது? அப்பா காலத்து அச்சுகள் ஒரு மூட்டை கிடக்கின்றன, வருடக்கணக்காகத் தொடவே இல்லை. ஆக்கர் கடைக்குப் போட்டால் நல்ல காசு. ஆனால் ஏதோ கோயிலின் பழைய ஒட்டியாணம் பழுதுபார்க்க வரும்போது அதிலுள்ள பூவுக்கு வேறு அச்சு கிடையாது. மூட்டை அலமாரிக்கு அடியில் போனது. நானாக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன். எல்லாச் சாமானும் சம்மணமிட்டபடியே கை எட்டும் உயரத்தில். அதற்கு மேலே சாமிப்படம் மட்டும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. பெட்டிகள் அடைத்திருந்த ஒரே சன்னல் இப்போது திறந்துவிட்டது. அது போதாது, புகையை இழுக்கும் மின்விசிறி வேண்டும். பொடி வைத்து ஊதும் வேலையில் காட்மியம் கலந்த பற்றாசு இன்னும் முழுதாக ஒழியவில்லை. காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், அதாவது வெள்ளி உருகுவதற்கு வெகு முன்பே. அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அரங்கேற்றத்துக்கு நகை சொல்லும் பெற்றோரும் நடன ஆசிரியர்களும் காட்மியம் இல்லாத பற்றாசில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதற்காகக் கூலி கொஞ்சம் கூடினால் பேரம் பேசாதீர்கள்.